தெய்வத்திரு நவீன்குமார்

சக்குபள்ளம்,
11-2-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் கனிஷ்காவும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உன் போனில் என் நம்பரை மச்சான் தடுத்து வைத்திருப்பது தெரியும். அதனால்தான் நீ டீச்சராக இருக்கும் அங்கன்வாடி முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டை விட்டு வந்து ஐந்து வருடம் ஆகிறது. கொச்சியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். புண் ஆறாமல் கிடந்தபோது ஜிஸ்மி என்ற நர்ஸ் பார்த்துக்கொண்டாள். போக இடமில்லை என்றதும் தன் ஊரில் ஏலத்தோட்ட வேலை இருக்கிறது என்று இங்கே அனுப்பிவைத்தாள். லயத்தில் எனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். லயம் என்றால் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்.

முதல் நாள் மதியம் தூக்குவாளியைத் திறக்காமல் ஒதுங்கி நின்றேன். எங்கள் குழுவை நடத்தும் சின்னத்தாயி அக்கா பார்த்துவிட்டார். "ஏத்தா, அங்கிட்டு ஒத்தையில என்ன செய்ற? இங்கிட்டு வந்து ஒக்காரு, கொழம்பு இருக்கு" என்றார். நான் உட்கார்ந்ததும் இரண்டு பெண்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அவர் அவர்களைத் திட்டவும் இல்லை, என்னைத் தேற்றவும் இல்லை. குழம்பை ஊற்றினார். ஒரு மாதம் கழித்து அந்த இருவரில் ஒருத்தி எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது என் பெயர் சிவசங்கரி. ஆதாரிலும் அதுதான். எனக்கு எதுவும் வேண்டாம் அக்கா. நீ இதைப் படித்தாய் என்று தெரிந்தால் போதும்.

உன் தங்கை
சிவசங்கரி

*

சித்தூர்,
6-3-2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். புண் முழுக்க ஆறிவிட்டதா? மலைத்தண்ணீர் என்று அப்படியே குடிக்காதே, காய்ச்சிக் குடி.

கடிதம் வந்தபோது பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். உன் கையெழுத்து கொஞ்சமும் மாறவில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகம். தென்னை மரங்களுக்கு வெள்ளை ஈ விழுந்துவிட்டது, அந்தக் கவலை வேறு. கனிஷ்கா எட்டாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். எப்போதாவது உன்னைக் கேட்பாள். கொச்சியில் கம்பெனி வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உறையின் பின்னால் பெயர் எழுதாதே. தபால்காரர் அப்பாவோடு டீக்கடையில் உட்காருகிறவர்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதானே?

அக்கா
செல்வப்பிரியா

*

சக்குபள்ளம்,
25-4-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உண்மைதான். தண்ணீரும் காய்ச்சித்தான் குடிக்கிறேன். அப்பாவின் முழங்காலுக்கு இங்கே நல்ல தைலம் கிடைக்கும். அனுப்பினால் தேய்த்துக்கொள்வாரா?

இந்த வருடத்து வெயில் ஏலச்செடிகளைத் தீய்த்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஆனாலும் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் பக்கம் முளைப்பாரி அவ்வளவாகக் கிடையாது. இங்கே பெண்கள் சட்டியில் நவதானியம் முளைக்கவைத்து, பத்து நாள் விரதம் இருந்து, தலையில் தூக்கிப் போவார்கள். சின்னத்தாயி அக்கா என் பெயருக்கும் ஒரு பாரி போட்டார். தூக்குகிற நேரத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்து நின்றார். "பொம்பளைக தூக்குற பாரி இது. இத அது தொட்டா ஊருக்கு ஆகாது" என்றார்.

கருத்தப்பாண்டி அண்ணன், சின்னத்தாயி அக்காவின் வீட்டுக்காரர், அவரும் கமிட்டியில்தான் இருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டார். சின்னத்தாயி அக்கா தன் தலையில் ஏற்றியிருந்த பாரியை இறக்கித் தரையில் வைத்தார்.

"அப்ப ஏம் பாரியும் இங்கனயே கெடக்கட்டும்."

பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். முதல் நாள் என் பக்கத்திலிருந்து எழுந்து போய் இன்னும் என்னோடு பேசாத அந்த இன்னொருத்தியும், முகத்தைச் சுளித்துக்கொண்டே இறக்கினாள். மேளம் நின்றுவிட்டது. பதினேழு பாரிகள் வெயிலில் கிடந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு ரொம்ப நேரம்போல் இருந்தது. கடைசியில் கருத்தப்பாண்டி அண்ணன்தான் எழுந்து வந்து என் பாரியை எடுத்து என் தலையில் வைத்தார். "தூக்குத்தா. வெயில்ல மொளை வாடுது" என்றார்.

ஓடையில் தண்ணீர் இல்லை. தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கும் தோட்டத்துப் படுதாக்குளத்தில் கரைத்தோம். அப்போதெல்லாம் அழுகை வரவில்லை. லயத்துக்கு வந்து கால் கழுவும்போதுதான் வந்தது. அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் நீதானே. அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

உன் தங்கை
சிவசங்கரி

*

சித்தூர்,
28-5-2024

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. தைலம் அனுப்ப வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி. போன வெள்ளிக்கிழமை கனிஷ்கா பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டுவது தாய்மாமன் வேலை இல்லையா. கமலாத்தாள் பெரியம்மாவின் மகன் வந்து கட்டிக்கொடுத்தான். கோணலாக நின்றது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நான் காப்பி கலக்க உள்ளே போய்விட்டேன்.

பெரிய சீரை ஆவணியில் செய்யலாம் என்று அப்பா மண்டபம் பார்க்கிறார்.

முடியை நீளமாக வளர்த்திருக்கிறாயா? சும்மாதான் கேட்டேன்.

அக்கா

*

சக்குபள்ளம்,
16-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் பிரித்தவுடன் சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்து அறைகளிலிருந்து எல்லாரும் பயந்து ஓடி வந்தார்கள். எங்கள் கனிஷ்கா ஆளாகிவிட்டாள் என்றேன். சின்னத்தாயி அக்கா எல்லார் கையிலும் சர்க்கரை அள்ளிவைத்தார். சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி அவளை உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவேனே, அந்தப் பிள்ளையா!

முடி பாதி முதுகு வரை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னத்தாயி அக்கா எண்ணெய் வைத்துவிடுவார்.

முளைப்பாரியைப் பற்றி எழுதியிருந்தேனே, படித்தாயா?

சீர் எந்தத் தேதி? வரலாமா என்று நான் கேட்கவில்லை. தேதியை மட்டும்தான் கேட்கிறேன்.

உன் தங்கை
சிவசங்கரி

*

சித்தூர்,
9-7-2024

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே மழை பலமாக இருக்கும். நனையாமல் இரு.

ஆவணி 23, ஞாயிற்றுக்கிழமை. சித்தூரிலேயே மண்டபம்.

இதை எப்படி எழுதுவது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். நீ வர வேண்டும். எனக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை. கனிஷ்காவுக்கு வேறு சொந்த மாமன் இல்லை. நவீன்குமாராக வா. முடியை வெட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கட்டிக்கொண்டு, அந்த ஒரு காலை மட்டும் மாலை வாங்கிக்கொண்டு நின்றால் போதும். கம்பெனியில் லீவு இல்லை, உடனே கிளம்பவேண்டும் என்று மத்தியானமே போய்விடலாம். யாரும் துருவிக் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா சம்மதித்துவிட்டார். அவரைச் சம்மதிக்கவைக்க நான் என்னவெல்லாம் திட்டு வாங்கினேன் என்பதை எழுத முடியாது. "அப்படி வர்றதுன்னா வரட்டும். இல்லாட்டி எனக்கு அப்படியொருத்தன் இல்லவே இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்காக என்று கேட்கவில்லை. பிள்ளைக்காக.

அக்கா

*

சக்குபள்ளம்,
14-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்கு மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள் அணக்கரைக்குப் போனேன். அங்கே ஒரு முடிவெட்டும் கடை. நாற்காலியில் உட்கார்ந்து, துணியையும் கழுத்தில் கட்டிவிட்டார்கள். எவ்வளவு எடுக்கணும் என்று கேட்டார் கடைக்காரர். கண்ணாடியில் நவீன்குமார் வந்துவிடுவானோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

சின்னத்தாயி அக்காவிடம் சொன்னேன். தடுப்பார் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. "போறதுன்னா போத்தா. முடிதானே, வளரும். ஆனா அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறப்ப மூச்சு முட்டுச்சுன்னா யாருகிட்டச் சொல்லுவ?" என்றார். அதற்குப் பிறகு மூன்று வாரம் தினமும் காலையில் போகலாம் என்று எழுந்தேன், ராத்திரி வேண்டாம் என்று படுத்தேன்.

அக்கா, நான் சித்தியாக வருகிறேன். மேடைக்கு வரமாட்டேன். கடைசி வரிசையில் உட்காருகிறேன், கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறேன். யாராவது கேட்டால் தெரிந்த பெண் என்று சொல்லிக்கொள். மாமனாக வர என்னால் முடியவில்லை. உன் பிள்ளைமேல் பாசம் இல்லாமல் இல்லை. எவ்வளவு முயன்றும் முடியவில்லை.

வா என்று ஒரு வரி எழுது. பாயசத்துக்கு ஏலக்காய் தனியாக அனுப்புகிறேன். இந்த வருடத்தின் முதல் காய்.

உன் தங்கை
சிவசங்கரி

*

சித்தூர்,
27-9-2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். சுகத்துக்கு எழுதவும்.

கனிஷ்காவின் சீர் நல்லபடியாக முடிந்தது. கமலாத்தாள் பெரியம்மாவின் மகன் மாமன் சீர் செய்தான். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். நீ அனுப்பிய ஏலக்காயைப் பாயசத்தில் போட்டோம். நல்ல மணம் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கே வாங்கியது என்று கேட்டவர்களுக்கு ஏதோ ஒரு கடையைச் சொன்னேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுத நேரமே கிடைக்கவில்லை.

மண்டபத்து வாசலுக்கு ஒரு திருநங்கை வந்தார்களாம். நல்ல சகுனம் என்று பெரியம்மா கனிஷ்காவைக் கூட்டிப்போய் ஆசீர்வாதம் வாங்கவைத்தார்களாம். நான் சமையற்கட்டில் இருந்தேன். அதற்குப் பிறகு கனிஷ்கா சாப்பிடவில்லை. கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஆவணி 23 அன்று நீ எங்கே இருந்தாய்? ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா

*

சித்தூர்,
5-10-2024

அன்புள்ள சித்திக்கு,

நான் கனிஷ்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறீர்களா? அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். என் வகுப்புத் தோழி ஆன்மேரிதான் தபாலில் போடப்போகிறாள்.

அங்கன்வாடியில் பொம்மை அலமாரிக்கு மேல்தட்டில் உங்கள் கடிதங்கள் இருக்கின்றன. கோடை லீவில் அங்கே கூட்டிப் பெருக்கப் போனபோது எடுத்துப் படித்துவிட்டேன். பிறகு வந்ததையும் படித்தேன். தப்புதான். முளைப்பாரிக் கடிதத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

அன்றைக்கு நீங்கள் வாசலில் அந்த ஃபிளெக்ஸ் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதில் உங்கள் காலேஜ் போட்டோ போட்டு ‘தாய்மாமன் தெய்வத்திரு நவீன்குமார்’ என்று அச்சடித்திருந்தது. செத்தவர்களுக்குத்தான் அப்படிப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அழைப்பிதழிலும் அப்படித்தான் இருந்தது, அது வந்த அன்றே அம்மாவிடம் கேட்டேன். அம்மா தன் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பச்சி, "ஊருக்கு ஒரு பதில் சொல்லோணுமல்லோ" என்று சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கமலாத்தாள் பாட்டிக்கு உங்களை அடையாளமே தெரியவில்லை. "அம்மிணி, இங்க வந்து நில்லு. இவுங்க வாக்குப் பலிக்கும்" என்று என்னைப் பிடித்து இழுத்தார்கள். உங்களிடம், "நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. புள்ளயத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க" என்றார்கள். நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள். விரல் எல்லாம் கறையாக இருந்தது. "நல்லாப் படி கண்ணு" என்று மட்டும்தான் சொன்னீர்கள். பாட்டி வெற்றிலை பாக்கும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார்கள். நீங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள். அப்போது சித்தி என்று கூப்பிட நினைத்தேன். சுற்றி எல்லாரும் இருந்ததால் பயமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அப்பச்சி பக்கத்தில் நாற்காலியில்தான் இருந்தார். எழுந்து உங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அது வணக்கமா, போய்விடு என்று கெஞ்சியதா என்று எனக்குத் தெரியவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சைச் சேலை கட்டிய ஒருவர் குடையோடு நின்றார்கள். நீங்கள் போனதும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்தான் சின்னத்தாயி அம்மாவா?

பதில் போடாதீர்கள். மாட்டிக்கொள்வேன்.

கனிஷ்கா

*

சக்குபள்ளம்,
15-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆவணி 23 அன்று எங்கே இருந்தாய் என்று கேட்டிருந்தாய். இங்கேதான் இருந்தேன். இரண்டாம் சுற்றுக் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துவிட்டார்கள். நான் எங்கும் வரவில்லை. மண்டபத்துக்கு வந்தது வேறு யாராவது இருக்கும். விசேஷம் நடக்கிற இடங்களுக்கு எங்களில் பலபேர் போவதுண்டு. பழகாதவர்களுக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவோம்.

கனிஷ்கா சாப்பிடாததற்கு அலுப்புதான் காரணமாக இருக்கும். நாள் முழுக்கப் பட்டுச்சேலையும் பூவுமாக நின்றால் யாருக்குத்தான் பசிக்கும்? அவளை ஒன்றும் கேட்காதே.

சீர் நல்லபடியாக முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்.

உன் தங்கை
சிவசங்கரி

*

சித்தூர்,
12-11-2024

அன்புள்ள

இதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன். தம்பி என்று எழுதக் கை வரவில்லை. மற்றதை எந்த முகத்தோடு எழுதுவது? உன் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ வரவில்லை என்று எழுதியிருந்ததை அங்கன்வாடியில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு வீட்டுக்குப் போக முடியவில்லை.

நான் உன்னைப் பார்த்தேன். சமையற்கட்டில் இருந்தேன் என்று எழுதியது பொய் இல்லை. அங்கே வாசலைப் பார்த்து ஒரு ஜன்னல் இருக்கிறது. நீ போர்டுக்குக் கீழே நின்றபோதே தெரிந்துவிட்டது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நிற்பாயே, அப்படித்தான் நின்றாய். கையில் பாயசக் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நாலு எட்டு வைத்தால் வாசல். மச்சான் வீட்டுச் சொந்தக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா பிள்ளையைக் கூட்டி வந்தார்கள், நீ கை வைத்தாய், பொட்டலத்தை வாங்கினாய், எல்லாவற்றையும் பார்த்தேன். நீ போகிறவரை கரண்டியை வைக்கவில்லை.

அன்றைக்கு ஒரு அம்மா என் தம்பி எப்படிப் போனான் என்று துக்கம் கேட்டார்கள். காய்ச்சல் என்றேன். இன்னொருவர் கேட்டார். ஆக்சிடெண்ட் என்றேன். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

ஃபிளெக்ஸுக்கு உன் போட்டோவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அப்பா கேட்டார், பீரோவைத் திறந்து கொடுத்தேன்.

எங்கே இருந்தாய் என்று நான் கேட்டது, வந்தேன் என்று எழுதி நீ என்னை நாலு வார்த்தை திட்டுவாய் என்று. அதைக்கூட நீ செய்யவில்லை. போன வாரம் கனிஷ்கா என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கிறிஸ்துமஸ் லீவில் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அப்பாவிடமும் மச்சானிடமும் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். என்ன நடந்தாலும் சரி.

உன்னை வரலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சின்னத்தாயி அம்மாவைக் கேட்டு எழுது. நாங்கள் வந்தால் உட்கார இடம் கொடுப்பார்களா?

செல்வப்பிரியா

*

சக்குபள்ளம்,
2-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். பனி ஆரம்பித்துவிட்டது. காலையில் விரல் மடங்குவதில்லை.

உன் கடிதத்தைச் சின்னத்தாயி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஜன்னல் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். "படி" என்றார். முடித்த பிறகு அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தார். பிறகு, "வரச் சொல்லுத்தா. பாயி இருக்கு, போர்வை இருக்கு. புள்ளைக்குக் குளுரு தாங்காது, சொட்டர் கொண்டாரச் சொல்லு" என்றார். நீ அவரைத்தான் கேட்டாய். இது அவருடைய பதில்.

என்னுடையதையும் எழுதிவிடுகிறேன். அக்கா உள்ளே வேலையாக இருந்திருப்பாள், தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டேதான் அன்றைக்குப் பஸ்ஸில் கம்பம்வரை வந்தேன். அந்த நினைப்பில்தான் கொஞ்சம் தூங்கவும் முடிந்தது. நீ அதை எழுதாமல் இருந்திருக்கலாம். இந்த ஐந்து வருடத்தில் அப்பாமேல் கோபம் வந்திருக்கிறது, மச்சான்மேல் வந்திருக்கிறது, உன்மேல் வந்ததே இல்லை. இப்போது வருகிறது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி திங்கட்கிழமை வாருங்கள். அணக்கரையில் இறங்கினால் சின்னத்தாயி அக்கா நிற்பார். எனக்கு அன்றைக்குக் காய் எடுப்பு. கேட்டால் லீவு கிடைக்கும், நான் கேட்கப்போவதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வருவேன். அதுவரை அவரோடு இரு, சோறு போட்டால் சாப்பிடு. நான் வருவதைப் பார்த்ததும் எழுந்து ஓடி வராதே. கை கால் கழுவிவிட்டு நானே வந்து உட்காருகிறேன். முதலில் கனிஷ்காவோடு பேசுகிறேன். அதற்குப் பிறகு நீ சொல்ல வேண்டியதைச் சொல்.

சிவசங்கரி